கண்ணின் வெள்ளை

"டீச்சர், மூக்கு வந்துடுச்சு. வாய் வந்துடுச்சு. ஆனா அவ மட்டும் வரமாட்டேங்குறா" என்றார் கலியபெருமாள்.

பிலோமினா டீச்சர் படத்தைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார். பெயிண்ட்டைக் குழைக்கிற, நுனி மழுங்கிய கத்தி. அதைக் கொண்டு படத்திலிருந்த இரண்டு கண்களையும் சுரண்டி எடுத்துப் பழந்துணியில் துடைத்தார்.

கலியபெருமாளுக்குத் தன் கண்ணையே யாரோ தோண்டின மாதிரி இருந்தது.

"என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க!"

"பார்த்துப் போட்டுக்கிட்டு வாங்க."

"பாத்துத்தானே போட்டேன்?"

டீச்சர் டம்ளரில் ஆறிப்போயிருந்த டீயைக் குடித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வராது என்று கலியபெருமாளுக்குத் தெரியும்.

ஈரப் படத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார்.

*

மாயவரம் கடைத்தெருவில் கலியபெருமாளைத் தெரியாதவர்கள் கிடையாது. பெரிய ஜவுளிக்கடை அவருடையது. நிறம் என்றால் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. மயில் கழுத்து, வெங்காயச் சருகு, அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று மூச்சு விடாமல் அடுக்குவார். வாங்க வந்த பெண்கள் மலைத்துப்போய் கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததை வாங்கிக்கொண்டு போவார்கள்.

கடையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்தபின் மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை. தை மாதம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அதற்குள் மனைவி அபயாம்பாளின் படத்தை எண்ணெய் வண்ணத்தில், அசலாக, தன் கையாலேயே வரைந்து கூடத்தில் மாட்டப்போவதாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டார்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவருக்கு அவள், அவளுக்கு அவர். அவளுக்கென்று இத்தனை வருஷத்தில் தான் எதுவும் செய்ததில்லை என்று திடீரென்று ஒருநாள் தோன்றியிருக்கிறது. சேலை கொடுத்திருக்கிறார், உண்மைதான். ஜவுளிக்கடைக்காரன் பெண்டாட்டிக்குச் சேலை கொடுப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

விஜயதசமி அன்று பட்டுச்சேலைப் பெட்டியும் தாம்பூலமுமாகப் போய் பிலோமினா டீச்சரிடம் சேர்ந்தார்.

டீச்சருக்கு அவருடைய கடைசித் தங்கை வயதுதான் இருக்கும். கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். மாதா கோயில்களுக்குப் புனிதர்களையும் பெரிய வீடுகளுக்குப் பெரிய மனிதர்களையும் வரைந்து கொடுப்பவர். புனிதர்களைவிடப் பெரிய மனிதர்கள்தான் அதிகம் தொந்தரவு தருகிறார்கள் என்பது அவருடைய அபிப்பிராயம்.

அன்று கலியபெருமாள் கையோடு ஒரு போட்டோவையும் கொண்டு போயிருந்தார். டீச்சர் அதை வாங்கி மேஜைமேல் குப்புறக் கவிழ்த்தார்.

"போட்டோவைப் பாத்து வரையறதுக்குப் போட்டோவையே மாட்டிடலாமே. ஆளைக் கூட்டிட்டு வாங்க."

"மாடி ஏற மாட்டா டீச்சர். நாலு படி ஏறினா உக்காந்துடுறா. வயசாகுதில்ல."

"அப்ப வீட்டுலயே உக்கார வச்சு வரைங்க. காயறதுக்கு முன்னாடி கொண்டு வந்து காட்டுங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது.

*

வீட்டில் ஜன்னலோரம் நாற்காலி. காலை வெளிச்சம் இடது கன்னத்தில் விழும்படி அபயாம்பாள் உட்கார்ந்திருப்பாள். அரக்குச் சேலை, முந்தானையை மடித்து மடியில் விட்டிருப்பாள். எந்த நாளும் அதே சேலை, அதே மடிப்பு.

"தலையைத் திருப்பாத."

திருப்பமாட்டாள். கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். பிறகு கை மெல்ல முழங்கைக்குப் போகும். அங்கிருந்து கழுத்துக்கு.

"அபயம்! அசையாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"அரிக்குதுங்க."

"கொசுவா?"

"கொசு இல்ல. உடம்பே அரிக்குது. மஞ்சள்தான் ஒத்துக்கலையோன்னு பூசறதைக்கூட விட்டுட்டேன்."

"பேசாத, பேசாத. வாய் கோணிப்போகுது பாரு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ரவிக்கை தோளில் தொளதொளவென்று நின்றது. வரைவதற்கு இடைஞ்சலாக இருந்தது. தையல்காரன் அளவைக் கெடுத்துவிட்டான் என்று கலியபெருமாள் அவனை மனதுக்குள் திட்டினார். படத்தில் ரவிக்கையைக் கச்சிதமாகத் தைத்துப் போட்டார்.

"காலையில ஏதாவது சாப்பிட்டியா?"

"எங்க சாப்பிடறது? உங்க எண்ணெய் வாடை குமட்டிக்கிட்டு வருது."

அவருக்குச் சுருக்கென்றது. மெனக்கெட்டு இவளுக்காக ஒன்று செய்தால் அதற்கும் ஒரு நொட்டை! ஜன்னல் கதவை இன்னும் அகலத் திறந்து வைத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரைந்தார்.

அவள்தான் சமாதானம் பண்ணினாள்.

"கோச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கட்டுமா? என் படத்தை மட்டும் தனியாக் கூடத்துல மாட்டினா, வர்றவங்க மாலை எங்கேன்னு கேக்க மாட்டாங்களா?"

"வாயைக் கழுவு!"

அவள் சிரித்தாள். சிரிப்பில் முகம் முழுக்கக் கலைந்துபோனது. அவர் பிரஷைக் கீழே வைத்துவிட்டு, அது பழையபடி ஆகும்வரை காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்துபோகிற சொந்தக்காரப் பெண்கள் படத்தையும் பார்ப்பார்கள், அவளையும் பார்ப்பார்கள். "இந்த வயசுலயும் மஞ்சள் பூசின முகம் எப்படி இருக்கு பாரு, மகாலட்சுமி மாதிரி" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் போவார்கள். கலியபெருமாளுக்கு அதைக் கேட்கப் பெருமையாக இருக்கும்.

*

டீச்சர் சுரண்டிவிட்ட கண்கள் படத்தில் இரண்டு குழிகளாக இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு கலியபெருமாள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பார்த்துப் போடு, பார்த்துப் போடு என்றால்? இவ்வளவு நாளும் கண்ணை மூடிக்கொண்டா வரைந்தேன்?

அவள் கண்ணைப் பார்த்தார். வெள்ளை இப்போதும் கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்தது. ஜன்னல் திரை மஞ்சள் நிறம், அதன் சாயல் அடிக்கிறது என்று திரையைக் கழற்றிப் போட்டார். அப்புறமும் அப்படித்தான் தெரிந்தது. வயதானால் யாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டார்.

அதைப் போடக் கை வரவில்லை. பெண்டாட்டியைப் பழுப்புக் கண்ணோடு மாட்டிவைத்தால் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வியாபாரி மூளை, சும்மா இருக்குமா? டீச்சர் வீட்டுச் சுவரில் ஒரு அந்தோணியார் படம் உண்டு. அதில் கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருக்காது. லேசான சாம்பல், அதில் துளி நீலம். டீச்சருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துபோயிற்று.

சாம்பலும் நீலமும் கலந்தார். அழகாக வந்தது. மழைக்காலம், வண்ணம் சீக்கிரம் காயவில்லை. படத்தின் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி டீச்சர் வீட்டுக்குப் போனார்.

டீச்சர் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இது அந்தோணியார் கண்ணு" என்றார். "சுவத்துலேருந்து களவாண்டுட்டு வந்திருக்கீங்க."

கத்தி வந்தது. மறுபடியும் இரண்டு குழிகள்.

கலியபெருமாளுக்குப் பொறுக்கவில்லை. "வெள்ளையாப் போட்டாலும் தப்பு. உங்களை மாதிரிப் போட்டாலும் தப்பு. நான் நிறத்துலேயே பொறந்து நிறத்துலேயே வளந்தவன் டீச்சர்! என்னதான் போடணும்? வாயைத் திறந்து சொல்லிடுங்க, போட்டுடுறேன்!"

டீச்சர் சுற்றும் முற்றும் பார்த்தார். மூலையில், விஜயதசமிக்கு அவர் கொண்டு வந்த சேலைப் பெட்டி கிடந்தது. அதன் மூடியில் ஒரு துண்டு கிழித்தார். கலியபெருமாள் கடையின் பெயர் அச்சடித்த துண்டு. பிரஷின் காம்பால் அதன் நடுவில் குத்தி ஓர் ஓட்டை போட்டார்.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டு இதுக்குள்ள பாருங்க. அதோ, அங்க. என்ன தெரியுது?"

"சுவர் தெரியுது."

"சுவரைக் கேக்கல. என்ன நிறம்?"

"சுண்ணாம்பு வெள்ளை."

"அது பேரு."

கலியபெருமாள் ஓட்டைக்குள் உற்றுப் பார்த்தார். வெளியே வேப்பமரம் மழையில் நனைந்து நின்றது. ஓட்டைக்குள் சுவரும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான்.

"பச்சையா இருக்கே டீச்சர்!"

"ம்" என்றார் டீச்சர். அட்டையைக் கலியபெருமாளின் சட்டைப் பையில் சொருகினார்.

*

அட்டையை அவர் உடனே எடுத்துவிடவில்லை. ரோஷம். நிறம் பார்க்க நமக்கு ஓட்டை எதற்கு என்று, கழற்றிப்போட்ட சட்டையோடு அதையும் ஆணியில் மாட்டிவிட்டார். மார்கழி பிறந்தது. கல்யாணத்துக்குப் பந்தல்காரனும் சமையல்காரனும் வந்து பேசிவிட்டுப் போனார்கள். படம் குருடாகவே நின்றது.

மழை விட்ட ஒரு காலையில் நல்ல வெளிச்சம் வந்தது. வேறு வழியில்லாமல் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார்.

முதலில் சேலையைப் பார்த்தார். அரக்கு என்று அவர் ஆயுசு முழுக்கச் சொல்லி விற்ற நிறம் ஓட்டைக்குள் இல்லை. ஒரு மடிப்பில் கருநீலம், இன்னொரு மடிப்பில் ஆரஞ்சு. அவருக்கு ஆச்சரியமாகிவிட்டது. அவள் கையைப் பார்த்தார். தோட்டைப் பார்த்தார். குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி ஆகிவிட்டார்.

அபயாம்பாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமாக் கூடவே இருக்கேன். என்னைப் பாக்க உங்களுக்கு ஓட்டை வேணுமா?"

"பேசாத."

அட்டையைக் கண்ணுக்கு நேராகக் கொண்டு வந்தார். ஓட்டைக்குள் கண் இல்லை, மனைவி இல்லை, மகாலட்சுமி இல்லை. ஒரு சின்ன வட்டம் நிறம் மட்டும் இருந்தது.

அதையே கலந்தார். எலுமிச்சை மஞ்சளும் கொஞ்சம் காவியும், பச்சை ஒரு பொட்டு. பிரஷ் நுனியில் எடுத்து அவள் கண்ணுக்கு நேரே தூரத்திலிருந்து பிடித்துப் பார்த்தார். பிரஷில் இருந்ததும் அங்கே இருந்ததும் ஒன்றாகவே இருந்தது. கன்னத்துக்கும் அப்படியே பார்த்தார், உதட்டோரத்துக்கும் பார்த்தார். தொளதொளத்த ரவிக்கையைக்கூட இருந்தது இருந்தபடி போட்டார். கை தானாக ஓடியது. எதையும் திருத்தவில்லை.

எழுந்து நான்கடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

அவள் இருந்தாள். படத்துக்குள் அபயாம்பாள் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். களைப்பாக, எதுவோ கேட்க வந்து கேட்காமல் விட்டவள் மாதிரி. இவ்வளவு சந்தோஷம் அவர் கடை திறந்த அன்றுகூடப் பட்டதில்லை.

"வந்துட்டே அபயம்! வந்துட்டே!"

"காட்டுங்க, நானும் பாக்குறேன்."

"இரு இரு. எழுந்திருக்காத. டீச்சர்கிட்ட காட்டிட்டு ஒரே ஓட்டமா ஓடி வந்துடுறேன். கை மட்டும்தான் பாக்கி, வந்து முடிச்சுடுறேன். மடிப்புக் கலையக் கூடாது. அப்படியே இரு, அசையாத."

"சரிங்க" என்றாள்.

*

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார்.

"டீச்சர், வந்துட்டா!"

டீச்சர் படத்தின் முன்னால் வந்து நின்றார். வழக்கம்போல வலது கை கத்தியை எடுத்தது. எடுத்த கை அப்படியே நின்றது. பிறகு கத்தியை மேஜைமேல் வைத்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

"என்ன டீச்சர்? அவதானே?"

"அவங்கதான்" என்றார் டீச்சர். குரல் இறங்கியிருந்தது. "அவங்களை நான் உங்க கடையில பாத்திருக்கேன். அவங்களேதான். அந்த ஓட்டைக்குள்ள பாத்தா போட்டீங்க?"

"ஆமா டீச்சர். ஒரு நிறம்கூட நானா போடல." பாராட்டு இன்னும் வரவில்லையே என்று கலியபெருமாளுக்கு இருந்தது. "மஞ்சள் கொஞ்சம் தூக்கலாத் தெரியுதோ? அது ஒண்ணுமில்ல. சின்ன வயசுலேருந்து மஞ்சள் பூசிக் குளிக்கிற முகம்."

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

"முகத்துக்குப் பூசுவாங்க. கண்ணுக்குள்ள யார் பூசினது?"

கலியபெருமாள் படத்தின் கண்களுக்குக் கிட்டே குனிந்தார்.

மஞ்சள் பூசறதைக்கூட விட்டுட்டேன் என்று அவள் சொன்னது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. அரிக்குதுங்க என்றது விழுந்தது. குமட்டுது என்றது விழுந்தது. மாடி ஏறாதது, தையல்காரன் கெடுத்த அளவு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து படத்துக்குள் உட்கார்ந்தன.

"எங்கப்பாவுக்கு இந்தக் கண்ணு வந்துச்சு" என்றார் டீச்சர். "காமாலைன்னு தெரிஞ்சப்ப முத்திப்போயிருந்துச்சு. ஒண்ணும் பண்ண முடியல. இவங்களுக்கு எப்பலேருந்து இப்படி இருக்கு?"

அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதல் நாளே இருந்துச்சு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன் டீச்சர். இதே மாதிரி கலந்துகூடப் போட்டேன்." அவர் குரல் உடைந்தது. "எவனாவது பொண்டாட்டி கண்ணை இப்படிப் போடுவானான்னு தோணுச்சு. துடைச்சுட்டு வெள்ளையாக்கினேன்."

டீச்சர் மேஜைமேல் இருந்த கத்தியைப் பார்த்தார்.

"நானும் சுரண்டிச் சுரண்டி அனுப்பினேனே தவிர, ஒருநாள் கீழ இறங்கி வந்து அவங்களைப் பாக்கல" என்றார். பிறகு சட்டென்று, "படம் இங்கயே இருக்கட்டும். ஓடுங்க. ஆட்டோ பிடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஓடுங்க!"

*

கலியபெருமாள் ஓடினார். செருப்பு டீச்சர் வீட்டு வாசலிலேயே கிடந்தது. கடைத்தெரு நடுவில் முதலாளி இப்படி வெறுங்காலோடு வேட்டி அவிழ ஓடுவதைப் பார்த்து, கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ கூப்பிட்டார்கள். அவர் நிற்கவில்லை.

வீட்டு வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மூச்சு வாங்கியது.

வெளிச்சம் நாற்காலியை விட்டு நகர்ந்து சுவருக்குப் போயிருந்தது. அபயாம்பாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தலை அதே சாய்வில் இருந்தது. முந்தானையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. மடியில் இரண்டு கைகளையும் விரல்களைக் கோத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். பிடித்த பிடியில் நகம் பதிந்திருந்தது.

இந்தத் தடவை அவருக்கு அட்டை தேவைப்படவில்லை.

"வந்துட்டீங்களா?" என்று முகத்தைத் திருப்பாமலே கேட்டாள் அபயாம்பாள். "இப்பவாவது கொஞ்சம் சொறிஞ்சுக்கட்டுமாங்க?"